சும்மா இருப்பவளின் நேரம்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கைவினைக் கண்காட்சியில் பஷ்மினா கழுத்துத்துணி ஒன்றை வாங்கினேன். முழுச் சால்வை வாங்கும் வசதி இல்லை. அந்தச் சிறிய துண்டுக்கே அந்த மாதத்தின் பல செலவுகளைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. சென்னை வெயிலில் இதை எங்கே போடப்போகிறாய் என்று உடன் வந்த தோழி கேட்டாள். கேள்வி சரிதான், ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. துணியோடு ஓர் அட்டை கட்டியிருந்தது. அதில் ராட்டையின் முன் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் படம். படத்தின் கீழே, இது நியாய வணிக முறையில் வாங்கப்பட்டது என்று ஒரு வரி. காஷ்மீரப் பெண்கள் வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்தில் கையால் நூற்றது என்று இன்னொரு வரி.

வீட்டுக்கு வந்து அட்டையை மறுபடி படித்தபோதுதான் இந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது உறைத்தது. ஓய்வு நேரத்தில் செய்த வேலைக்கு நியாயமான விலை எது? ஓய்வுக்குக் கூலி கணக்கிட முடியுமா? அந்த நேரத்தை நாம் விலைக்கு வாங்கிவிட்டோம் என்றால், அவள் ஓய்வெடுத்தது எப்போது?

விற்றவர்களின் முகவரி அட்டையில் இருந்தது. நூற்றவருக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. அந்தப் பெண்கள் மணிக்கணக்கில் வேலை செய்வதில்லை, தங்களுக்கு வசதிப்பட்டபோது செய்கிறார்கள், அதுதான் இந்த வேலையின் அழகே என்று சொல்லியிருந்தார்கள். எழுதியவர் ஒரு பெண். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருந்தார். அதனாலேயே அந்தப் பதிலை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

ஓய்வு நேரம் என்பதற்கு நம் வீடுகளில் புழங்கும் சொல் வேறு. திருநெல்வேலிப் பக்கத்தில் என் பெரியம்மா நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பீடி சுற்றினார். நான் சிறுமியாக இருந்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளி ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க என்ன வேல பாக்கிய?" என்று கேட்டார். "நான் என்னத்த வேல பாக்கேன் சார், வீட்லதான சும்மா இருக்கேன்" என்றார் பெரியம்மா. அவர் மடியில் சுளகு இருந்தது. சுளகில் வெட்டிய இலையும் தூளும் இருந்தன. பதில் சொன்ன நேரத்தில் இரண்டு பீடியாவது சுற்றி முடித்திருப்பார். ஆசிரியர் அதைப் பார்த்துக்கொண்டே படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

வேலையில்லாமல் இருப்பதையும் சும்மா என்கிறோம். காசு வாங்காமல் கொடுப்பதையும் சும்மா என்கிறோம். ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பெண்கள் விஷயத்தில் முதல் பொருளிலிருந்து இரண்டாவதற்குப் போக அதிக தூரமில்லை. சும்மா இருப்பவளின் நேரம் சும்மா கிடைக்கும். அதற்கு ஏதோ கொஞ்சம் கொடுத்தாலே அது தாராளம் என்று ஆகிவிடுகிறது.

அந்தக் கழுத்துத்துணியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே சாங்பா மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளுக்கு, கடுங்குளிரைத் தாங்க, முரட்டு மயிருக்கு அடியில் மெல்லிய உள்மயிர் வளர்கிறது. குளிர் விலகும் பருவத்தில் அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். அது வியாபாரிகளின் கைமாறி ஸ்ரீநகருக்கு வருகிறது. அங்கே பெண்கள் முரட்டு மயிரை நீக்கி, அரிசி மாவு சேர்த்துப் பிசிறும் அழுக்கும் போகச் சுத்தம் செய்து, சிக்கெடுத்து, 'யிந்தர்' என்று அழைக்கப்படும் ராட்டையில் நூற்கிறார்கள். நம் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழை அது. கொஞ்சம் அழுத்தினால் அறுந்துவிடும், தளர்த்தினால் சீராக வராது. பல ஆண்டுகள் பழகிய விரல்களால்தான் முடியும். அதன் பிறகு நூல் வீட்டை விட்டு வெளியேறுகிறது. சாயம் ஏற்றுவது, நெய்வது, விற்பது எல்லாம் மரபாக ஆண்களின் தொழில்கள். அண்மைக் காலத்தில் தறியில் உட்காரும் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் நூற்பு மட்டும் அன்றும் இன்றும் பெண்களுடையது.

நூற்ற நூலை முடிச்சுக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு முடிச்சு என்பது சுமார் பத்து அங்குல நீளமுள்ள பத்து இழைகள். கூட்டினால் நூறு அங்குலம். பூக்காரியிடம் முழம் போட்டு வாங்கிப் பழகிய நமக்குப் புரியும்படி சொன்னால் ஐந்தரை முழம் நூல். பல ஆண்டுகளாக ஒரு முடிச்சுக்குக் கொடுக்கப்பட்ட கூலி ஒரு ரூபாய். அப்படியானால் நூறு ரூபாய் சம்பாதிக்க அவள் பத்தாயிரம் அங்குலம், அதாவது ஏறக்குறைய 250 மீட்டர் நூலை முடித்துக் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்த நேரமும் சிக்கெடுத்த நேரமும் இந்தக் கணக்கில் தனியாக வராது. அண்மை ஆண்டுகளில் இந்தக் கூலியை இரண்டரை ரூபாயாக உயர்த்தும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அத்தனை காலம் ஒரு ரூபாய் என்பது யாருக்கும் அவமானமாகத் தோன்றாமல் இருந்தது எப்படி என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சால்வை எளிய பொருளாகவும் இருக்கவில்லை. 1846ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் ஒப்பந்தப்படி காஷ்மீரின் அரசரான குலாப் சிங், பிரிட்டிஷாரின் மேலாண்மையை ஏற்பதன் அடையாளமாக ஆண்டுதோறும் ஒரு குதிரையும் 12 ஆடுகளும் மூன்று ஜோடிச் சால்வைகளும் கொடுக்க ஒப்புக்கொண்டார். அரசுகளுக்கு இடையே மரியாதையாகக் கைமாறும் அளவுக்கு அதன் மதிப்பு இருந்தது. சால்வை நெசவாளர்கள்மேல் போடப்பட்ட வரிகள் தாங்க முடியாதவையாகி, 1865 ஏப்ரல் 29 அன்று அவர்கள் ஸ்ரீநகரின் தெருவில் இறங்கினார்கள். படை ஏவப்பட்டது. பலர் இறந்தார்கள். உழைப்பாளர் போராட்டங்களின் வரலாற்றில் அந்த நாளுக்கு இன்றும் இடம் உண்டு. நெசவாளருக்கு ஒரு தெரு இருந்தது, கூடி நிற்க ஓர் இடம் இருந்தது, எதிர்த்து நிற்க ஓர் அதிகாரி இருந்தார். அவர் கையிலிருந்த நூலை நூற்றவளுக்கு இவை மூன்றும் இல்லை. அவள் தன் வீட்டில் தனியாக இருந்தாள்.

வீட்டுக்குள் நடப்பது நியாயத்தின் கணக்கில் வராமல் போனது எப்போதிலிருந்து? நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, அவர்கள் வாங்கும்போது அதிகமாக வாங்க மாட்டார்கள், விற்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்கிறது. நியாய வணிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது கடினம். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதே கேள்வியை வேறு வகையில் கேட்டார். வீடு கட்டுபவரும் செருப்புத் தைப்பவரும் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஒரு வீட்டுக்கு எத்தனை செருப்பு? வேறுபட்ட இரண்டு உழைப்புகளை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் அதே நூலில் அவர், குடும்பத்துக்குள் நிலவும் நியாயம் வேறு வகையானது, சமமான குடிமக்களுக்கு இடையே உள்ள நியாயம் அங்கே அப்படியே பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறார். சந்தைக்கு ஓர் அளவுகோல் செய்துவிட்டு, அதை வீட்டு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறார்.

வாசலைத் தாண்டி வரும் நூலின் சிக்கல் இதுதான். பொருள் சந்தைக்கு வந்துவிடுகிறது. அதைச் செய்த நேரம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வாங்குபவர் பொருளுக்கு விலை பேசுகிறார். நேரத்தைக் கேட்டால், அது குடும்ப விஷயம், அவள் வசதிப்பட்டபோது செய்தது என்று பதில் வருகிறது.

இது காஷ்மீருக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. ஆந்திராவின் நரசாப்பூரில், வீட்டுக்குள் உட்கார்ந்து ஊசியால் பின்னலாடை லேஸ் செய்த பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்தவ மிஷன்கள் அறிமுகப்படுத்திய கைவேலை அது. காலப்போக்கில் பெரிய ஏற்றுமதித் தொழிலானது. வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்களை, ஏற்றுமதியாளர்கள் வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகள் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் என்றே கருதினார்கள். பெண்களும் தங்களைப் பற்றி அப்படியே சொல்லிக்கொண்டார்கள். வயலில் இறங்கிக் கூலி வேலை செய்தவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. ஆனால் வயலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருப்பது சாதி கௌரவமாக இருந்தது. கௌரவம் கூலியின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது என்பதை மீஸ் எடுத்துக் காட்டினார். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் ஒருத்தியை இல்லத்தரசி என்று அழைப்பது வெறும் பெயர்ப் பிழை இல்லை. கூலியைக் குறைவாக வைத்திருக்க உதவும் ஏற்பாடே அந்தப் பெயர்தான்.

இப்போது இல்லத்தரசி என்று சொல்வது குறைந்திருக்கிறது. அட்டைகளில் கைவினைக் கலைஞர் என்று அச்சடிக்கிறார்கள். உயர்வான சொல்தான். அந்தத் திறமைக்கு அது பொருத்தமும்கூட. இருந்தாலும் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு, பெரியம்மாவால் வந்த தயக்கம். பீடி சுற்றுவதை யாரும் கலை என்று சொன்னதில்லை. அதில் கண்ணுக்கு அழகானது எதுவும் இல்லை. நெஞ்சைக் கெடுக்கும் தூசியும் நெடியும்தான். ஆனால் 1966ஆம் ஆண்டில் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கி வீட்டில் சுற்றிக் கொடுப்பவரையும் பணியாளர் என்றே சொன்னது. தொழிற்சங்கங்கள் இடைவிடாமல் போராடியதால், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலியும் வைப்புநிதியும் பேச்சுக்கு வந்தன. கிடைத்தது போதாது, பலருக்கு முழுதாகக் கிடைக்கவும் இல்லை. ஆனாலும் பெரியம்மாவிடம் ஓர் அடையாள அட்டை இருந்தது. அதில் அவர் தொழிலாளி என்று எழுதியிருந்தது. கணக்கெடுக்க வந்தவரிடம் சும்மா இருக்கேன் என்று சொன்ன அதே பெரியம்மா, கடையில் கட்டுக்கு எண்ணிக்கை குறைத்துப் போட்டபோது அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டார்.

பஷ்மினா நூற்கும் பெண்ணைக் கலைஞர் என்கிறோம், படம் எடுக்கிறோம், அவள் விரல்களை வியக்கிறோம். அவளுக்குச் சண்டை போட ஓர் அட்டை இல்லை. கலைஞர் என்றால் பாராட்ட வேண்டும், தொழிலாளி என்றால் கொடுக்க வேண்டும். பாராட்டுவது எப்போதும் மலிவாக முடிந்துவிடுகிறது. அவள் கலைஞர்தான், கூடவே தொழிலாளியும். ஒரு பெயரைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

வீட்டிலிருந்து உழைப்பவர் தொழிலாளியா என்ற வழக்கு நீண்டது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் தலைமையில் சேவா சங்கம் தொடங்கியபோது, முதலாளி யார் என்று காட்ட முடியாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று அதிகாரிகள் பதிவுசெய்யத் தயங்கினார்கள். சங்கம் என்பது ஒருவரை எதிர்க்க மட்டும் இல்லை, உழைப்பவர்கள் தங்களுக்குள் ஒன்று சேரவும்தான் என்று சேவா வாதாடியது. அந்த வகைப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து செய்யும் வேலை பற்றிய 177ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. மற்ற கூலித் தொழிலாளர்களுக்கு இணையாக இவர்களையும் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.

நியாய வணிக இயக்கத்தின் தொடக்கத்திலும் பெண்களின் ஊசிவேலைதான் இருக்கிறது. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண் போர்ட்டோ ரிக்கோவின் பெண்கள் செய்த பூத்தையல் துணிகளை வாங்கிவந்து, தன் காரின் பின்பெட்டியில் வைத்துத் தெரிந்தவர்களிடம் விற்றார். இன்று உலக நியாய வணிக அமைப்புக்குப் பத்துக் கொள்கைகள் உள்ளன. நியாயமான கூலி, பாலினச் சமத்துவம் இரண்டும் அவற்றில் அடங்கும். கூலி என்பது பேசி ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. காப்பிக்கொட்டைக்கு நியாய விலை குறிப்பது ஒப்பீட்டளவில் எளிது, கிலோவுக்கு இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லிவிடலாம். கையால் செய்த சால்வைக்கோ குல்லாவுக்கோ அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் வேறு. அதனால் கைவினையில் நியாயத்தை அளக்க ஒரே வழி, செலவான நேரத்தை அளப்பது. அந்த நேரத்தையே ஓய்வு என்று எழுதிவிட்டால், அளக்க எதுவும் மிஞ்சாது. அட்டையின் இரண்டாம் வரி முதல் வரியை அழித்துவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்களை நான் மதிக்கிறேன். முதலாவது, கூலியை ஏற்றினால் பொருளின் விலை ஏறும், வாங்குபவர் இயந்திர நூலுக்குப் போய்விடுவார், கடைசியில் அவளுக்கு இந்த ஒரு ரூபாயும் இல்லாமல் போகும் என்பது. வேலை போய்விடும் என்ற பயம் கற்பனை இல்லை, அது நடந்தும் இருக்கிறது. பஷ்மினா இழை தனியாக இயந்திரத்தின் இழுப்பைத் தாங்காது. எனவே நைலானைக் கலந்து நூற்றுப் பிறகு அதை அமிலத்தில் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். அந்த நூல் வந்த பிறகு பல வீடுகளில் யிந்தர் மூலைக்குப் போனது. ஆனால் இயந்திரம் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். அவள் அதிகக் கூலி கேட்டதால் அது வரவில்லை. முடிச்சுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்துவிட்டது. குறைந்த கூலி அவள் வேலையைக் காப்பாற்றவில்லை. அந்தக் கூலிக்கு ஏன் நூற்க வேண்டும் என்று மகள்கள் விலகிப்போனதுதான் மிச்சம். கற்றுக்கொள்ள ஆளில்லாத கலையை எந்த மலிவும் காப்பாற்றாது.

காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் நூற்று, கையால் நெய்து, இழையின் தடிமன் 16 மைக்ரானைத் தாண்டாமல் இருந்தால்தான் அந்த முத்திரை. ஸ்ரீநகரில் அதற்கென்று பரிசோதனைக் கூடம் இருக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இது மனிதக் கை நூற்றதா என்று சொல்லிவிடுகிறார்கள். ஆக, அவளுடைய கையின் பெயரால்தான் அந்தத் துணி இயந்திரத் துணியைவிட விலை கூடுகிறது. அந்தக் கூடுதல் விலை அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் நுண்ணோக்கி மட்டும் எங்கும் இல்லை. கையால் நூற்றதற்குச் சான்றிதழ் தர முடிகிற நமக்கு, கூலி கொடுத்ததற்குச் சான்றிதழ் தருவது முடியாத காரியமாக இருக்க நியாயமில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கடினமானது. அவளே விரும்பித்தானே செய்கிறாள் என்பது. எனக்குக் கடிதம் எழுதியவர் சொன்னதும் அதுதான். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கணவனை இழந்த பெண்களுக்கும், குழந்தைகளைத் தனியாக வளர்த்தவர்களுக்கும் யிந்தர் சோறு போட்டிருக்கிறது. ஊரடங்கு நீண்ட காலங்களில், வாசலைத் திறக்க முடியாத நாட்களில், வீட்டுக்குள்ளிருந்தே செய்ய முடிந்த வேலை அது. அவளுடைய சொந்தக் கருவி, அம்மாவிடமிருந்து வந்த திறமை, கையில் வரும் சொந்தக் காசு. இதையெல்லாம் சுரண்டல் என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால், அவளைப் பற்றி அட்டை எழுதியவர் செய்த அதே தவறை நானும் செய்வேன். அவளைக் கேட்காமலே அவள் வாழ்க்கைக்குப் பெயர் வைப்பேன்.

ஆனால் விருப்பம் என்பது எந்த வரிசையிலிருந்து தேர்ந்தெடுத்தது என்பதும் முக்கியம். வெளியே போக வழியில்லாதவள் வீட்டு வேலையைத் தேர்ந்தெடுத்தாள் என்றால், அவள் விரும்பியது வேலையை. ஒரு ரூபாயை விரும்பினாள் என்று அதற்குப் பொருள் இல்லை. பெரியம்மாவுக்குப் பீடி சுற்றுவது பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைக் குறை சொன்னதில்லை. அதற்காக அவருக்குக் கூலி குறைவாகக் கொடுத்தது சரி என்று ஆகிவிடுமா? வேலையை நேசிப்பவருக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்றால், நேசத்துக்கு நாம் அபராதம் போடுகிறோம்.

சரி, நேரத்தை எப்படி அளப்பது? வழி இல்லாமல் இல்லை. வேலை செய்யும் பெண்கள் சிலரை ஒன்றாக உட்காரவைத்து, ஒரு முடிச்சுக்கோ ஒரு குல்லாவுக்கோ ஆகும் நேரத்தைப் பலமுறை குறித்து, சராசரி எடுத்து, ஒரு மணி நேர உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலியாவது வரும்படி துண்டுக்கூலியை நிர்ணயிக்கலாம். பொறுப்பாக இயங்கும் கைவினை அமைப்புகள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் கணக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தனித்தனி வீடுகளில் இருந்தவர்கள் ஓர் இடத்தில் கூடுகிறார்கள். அடுத்தவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள். 1865இல் நெசவாளருக்கு இருந்து இவர்களுக்கு இல்லாமல் போன இடம் அப்போது கிடைக்கிறது.

அங்கேயும் ஒரு மிச்சம் விழும். கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து நூற்கும் நேரம் தடையில்லாத நேரம். வீட்டில் அப்படி ஒரு நேரம் அவளுக்கு வாய்ப்பதில்லை. பால் பொங்கும், குழந்தை அழும், மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் வந்து, அறுந்த இழையின் நுனியைத் தேடிச் சேர்க்க வேண்டும். அந்தத் தடைகளின் விலையை யார் கொடுப்பது? வாங்குபவர் கொடுக்க மாட்டார், அவர் கொடுக்க வேண்டியதும் அது முழுக்க இல்லை. 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அதுவும் ஆண்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் வீட்டு வேலையில் கைவைத்தே இருக்கிறார்கள். ஐந்து மணி நேர வேலையை ஏற்கெனவே முடித்தவளின் மீதி நேரத்தைத்தான் நாம் ஓய்வு என்று அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். எனவே நியாய வணிகத்தின் கேள்வி வியாபாரியோடு நின்றுவிட முடியாது. அந்த வீட்டுக்குள்ளும் அது போக வேண்டும். அவள் நூற்கும்போது பாலை யார் பார்த்துக்கொள்வது என்று அது கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால் அது நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். அந்தக் கழுத்துத்துணிக்கு நியாய வணிகம் என்ற வரியைப் பார்த்து, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அதே வாரத்தில், பாத்திரம் கழுவ வரும் அக்கா இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்ததற்குச் சம்பளத்தைப் பிடிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருப்பவளுக்கு நியாயமாக இருப்பது சுலபம். அவளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும், அட்டையில் அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் இருப்பவள் நாளைக்கும் வருவாள், முகத்தைப் பார்த்துப் பேசுவாள். நியாயம் என்பது நல்ல மனத்தோடு செய்யும் ஒரு செலவு என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அடுத்தவள் கணக்குக் கேட்கக்கூடிய நிலையில் இருப்பதுதான் நியாயம் என்று இப்போது தோன்றுகிறது. கேட்க முடியாதவளுக்குக் கொடுப்பது எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அது தயவுதான்.

தமிழில் எழுதுகிற எனக்கு இதில் இன்னொரு கடனும் இருக்கிறது. நூல் என்ற சொல்லை நாம் இழைக்கும் வைத்திருக்கிறோம், புத்தகத்துக்கும் வைத்திருக்கிறோம். பனுவலும் அப்படித்தான். ஆண் துணையற்ற பெண்கள் நூற்ற மெல்லிய நூலைச் சங்கப் பாடல் ஒன்று உவமையாக்குகிறது. நன்னூல் இன்னும் மேலே போய், சொற்களைப் பஞ்சு என்றும், புலவனை நூற்கும் பெண் என்றும் உருவகம் செய்கிறது. எழுதுவது என்றால் என்ன என்று விளக்க நம் இலக்கணம் தேடிப் போய்க் கண்டுபிடித்த உழைப்பாளி, ராட்டையின் முன் உட்கார்ந்திருந்த ஒருத்திதான். அவள் உவமையாகத் தங்கிவிட்டாள். ஒரு நாளைக்கு எவ்வளவு நூற்றாள், அதற்கு என்ன கிடைத்தது என்பது எங்கும் பதிவாகவில்லை. உவமையாக இருப்பதும் படமாக இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அந்த மூதாட்டியின் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்குச் சம்மதம் என்றால் இருக்கட்டும். படத்தின் கீழே வேறு சில வரிகள் வேண்டும். இதை நூற்க இத்தனை மணி நேரம் ஆனது, மணிக்கு இவ்வளவு கொடுத்தோம், இந்தக் கூலியை நூற்பவர்கள் எங்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்தார்கள் என்று. அப்படி எழுத முடிகிறவர்கள் ஓய்வு நேரம் என்ற சொல்லைத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. ஆனாலும் எந்த நேரத்தில் கேட்டாலும் சுளகில் எத்தனை பீடி முடிந்திருக்கிறது, கட்டுக்கு இன்னும் எத்தனை குறைகிறது என்று பார்க்காமலே சொல்வார். சும்மா இருப்பவர்கள் அப்படி எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் தன் நேரத்தை எண்ணிக்கொண்டேதான் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பியவரும் எண்ணியிருக்கலாம். சால்வை வாங்கும் நாமும் எண்ணலாம்.